மர்மக் காய்ச்சல் என்று ஒரு காய்ச்சல் இல்லை

மண்ணரையில் பனியன் கம்பெனிக்குப் போகிற ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் முதல் நாள் அவர் லீவு போடுவதில்லை. ஷிப்ட் கணக்கில் கூலி. போகாத நாளுக்குச் சனிக்கிழமை சம்பளத்தில் காசு இருக்காது. மெடிக்கல் ஷாப்பில் இரண்டு வேளை மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்துவிடுவார். மூன்றாம் நாளும் விடாவிட்டால் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு ஊசி. ஐந்தாம் நாள் ரத்தப் பரிசோதனை, "டைபாய்டு லேசா இருக்கு" என்று பதில். ஏழாம் நாள் வேறு டாக்டர். தட்டணுக்கள் குறைந்திருப்பதால் "டெங்குவா இருக்கலாம்" என்பார். ஒன்பதாம் நாள் மூச்சு வாங்கும். ஆம்புலன்ஸ் கோவைக்கு ஓடும். பிழைத்தால் கடன். பிழைக்காவிட்டால் செய்தித்தாளில் "மர்மக் காய்ச்சலுக்கு ஒருவர் பலி" என்று நான்கு வரி.

இது எந்த ஒரு தனி மனிதரின் கதையும் அல்ல. தமிழ்நாட்டில் மழைக்காலம் தொடங்கி மாசி வரை எந்த ஊரிலும் நடக்கக்கூடிய வரிசை இது. இந்த வரிசையில் எல்லாக் கட்டத்திலும் தவறிப்போகிற ஒரு நோய் இருக்கிறது. அதற்குப் பெயர் உண்டு, மருந்து உண்டு, அந்த மருந்து சில ரூபாய்தான். தேடாமல் விட்ட காய்ச்சலுக்குத்தான் "மர்மம்" என்று பெயர் வைக்கிறார்கள்.

முதலில் வேறொரு நாட்டுக் கதையைப் பார்க்கலாம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்று ஒரு சிற்றூர். 1970களில் அங்கே பல குழந்தைகளுக்கு மூட்டு வீங்கியது. குழந்தைப் பருவ மூட்டுவாதம் என்றார்கள் மருத்துவர்கள். பாலி மர்ரே என்ற தாய் தன் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் வந்த தொல்லைகளைக் குறித்து வைத்தார். எல்லாம் மனப்பிரமை என்ற பேச்சையும் கேட்டார். ஆனாலும் விடவில்லை. 1975-ல் அவரும் இன்னொரு தாயும் கொடுத்த புகாரின் பேரில்தான் ஆலன் ஸ்டீர் என்ற மருத்துவர் ஆராயத் தொடங்கினார். உண்ணி கடித்து வரும் நோய் இது என்று பிறகு தெரிந்தது. 1981-ல் வில்லி பர்க்டார்ஃபர் அந்த உண்ணிக்குள் இருந்த கிருமியைக் கண்டுபிடித்தார். இன்றும் அந்நாட்டில் லைம் நோயாளிகள் பலர் சரியான கணிப்புக்காக டாக்டர் டாக்டராக அலைகிறார்கள். காரணம், கடித்த இடத்தில் வரும் வட்டத் தடிப்பு எல்லாருக்கும் வருவதில்லை. முதல் சில வாரங்களில் ரத்தப் பரிசோதனையும் பொய் சொல்லும்.

இந்தியாவில் லைம் நோய் அரிது. ஆனால் அதற்குப் பங்காளி போல ஒரு நோய் இங்கே பரவலாக இருக்கிறது. அதுவும் ஒரு சிறு பூச்சி கடித்து வருவது. கடித்த இடத்தில் அடையாளம் விடுவது. ஆரம்பத்தில் பரிசோதனையை ஏமாற்றுவது. இரண்டுக்கும் முக்கிய மருந்துகூட ஒன்றுதான்: டாக்ஸிசைக்ளின். அந்த நோயின் பெயர் ஸ்க்ரப் டைபஸ்.

ஒரு பெரிய வேறுபாடு உண்டு. லைம் நோயைத் தவறவிட்டால் நோயாளி பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் வலியோடு வாழ்கிறார். ஸ்க்ரப் டைபஸைத் தவறவிட்டால் இரண்டாம் வாரத்திலேயே நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். மருந்து கொடுக்காத நோயாளிகளில் சராசரியாக 100-க்கு 6 பேர் இறந்ததாக 2015-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. பிழைத்தவர்களிலும் சிலருக்குக் காது மந்தமாகிறது, பலருக்கு வாரக்கணக்கில் அசதி போவதில்லை.

ஓரியன்ஷியா சுசுகாமுஷி என்ற கிருமியால் வருவது இந்த நோய். புல், புதர், வரப்பு, குப்பைமேடு போன்ற இடங்களில் வாழும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சுப் பருவம்தான் மனிதனைக் கடிக்கிறது. கண்ணுக்கு ஏறக்குறைய தெரியாது, கடித்தால் வலிக்காது. எலிகள் நடமாடும் இடத்தில் இதுவும் இருக்கும். கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்கும். இரண்டாம் உலகப் போரில் அசாம், பர்மா எல்லையில் ஏராளமான போர்வீரர்களைப் படுக்க வைத்த நோய் இது. 1948-லேயே மலாயாவில் இதற்கு மருந்து உண்டு என்று நிரூபித்துவிட்டார்கள். அப்படியானால் 75 ஆண்டுகளுக்கு மேலாகக் குணப்படுத்தத் தெரிந்த ஒரு நோய் ஏன் இன்னும் கண்டுபிடிக்கப்படாமல் போகிறது?

முதல் காரணம் பெயர். தமிழில் இதை "உண்ணிக் காய்ச்சல்" என்கிறார்கள். உடனே நாயையும் மாட்டையும்தான் நினைக்கத் தோன்றும். "எங்க வீட்டுல நாயே இல்லைங்க" என்று நோயாளி சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. நாயின் காதில் தொங்கும் உண்ணி வேறு, புல்லில் இருக்கும் இந்தச் சிற்றுண்ணி வேறு. "டைபஸ்" என்றாலோ காதில் "டைபாய்டு" என்றே விழுகிறது. இரண்டும் வேறு வேறு கிருமிகள், வேறு வேறு மருந்துகள்.

இரண்டாவது காரணம் பரிசோதனை. தெருமுனை லேப் வரை நடப்பது டைபாய்டுக்கான வைடால் சோதனை. நம் ஊர் போல டைபாய்டு சகஜமான இடத்தில் ஒரே ஒரு தடவை எடுத்த வைடால் முடிவை நம்ப முடியாது. எப்போதோ வந்துபோன தொற்றாலும் அது "இருக்கு" என்று காட்டலாம். ஸ்க்ரப் டைபஸுக்கு உள்ள பழைய சோதனையான வெயில்-ஃபெலிக்ஸ் மலிவானது, ஆனால் பல நோயாளிகளைத் தவறவிட்டுவிடும். ஐ.ஜி.எம். எலிசா சோதனை மேலானது. அதுவும் காய்ச்சல் தொடங்கி ஏறக்குறைய ஒரு வாரம் ஆன பிறகே சரியாகப் பேசும். மூன்றாம் நாளில் "இல்லை" என்று வந்த முடிவு பத்தாம் நாளுக்குப் பொருந்தாது.

மூன்றாவது காரணம் தவறான மருந்து. காய்ச்சல் நிற்காவிட்டால் நரம்பு வழியே ஏற்றுகிற செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகள் இந்தக் கிருமியிடம் எடுபடாது. விலை கூடிய மருந்து ஏறுகிறது என்ற நிம்மதியில் நாட்கள் போகின்றன. சரியான மருந்து போனாலோ பெரும்பாலானோருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.

நான்காவது காரணம்தான் மிக முக்கியமானது: யாரும் உடம்பைப் பார்ப்பதில்லை. பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு வரும். வலிக்காது, அரிக்காது. எல்லாருக்கும் வராது என்றாலும், வந்திருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி எந்த லேபிலும் இல்லை. ஆனால் அது இருக்கும் இடம் மறைவானது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், பெண்களுக்கு அதிகமாக மார்பிலும் வயிற்றுப் பகுதியிலும், ஆண்களுக்கு அக்குள், தொடை இடுக்கு, பிறப்புறுப்புப் பகுதியிலும் இருந்தது தெரிந்தது. சட்டைக்கு மேல் ஸ்டெதஸ்கோப் வைத்து அனுப்பும் இடத்தில் இது எப்படித் தெரியும்? செக்கிங் வேலை பார்க்கும் ஒரு பெண் ஆண் டாக்டரிடம் பாவாடை நாடா கட்டும் இடத்தில் ஒரு புண் இருக்கிறது என்று தானாகச் சொல்வாளா? வலிக்காத புண்ணை அவளே கவனித்திருக்க மாட்டாள்.

இதெல்லாம் எங்கோ காட்டில் நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2001-02 குளிர்காலத்திலேயே வேலூரில் இந்த நோய் கூட்டமாக வந்ததை அதே கல்லூரி பதிவு செய்தது. தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரை 2020 முதல் இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, கிராமப்புறக் காய்ச்சலுக்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று காட்டியது. 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை இந்த நோய் பற்றி எச்சரித்தபோது சென்னையும் அதைச் சுற்றிய மாவட்டங்களும் வேலூர்ப் பகுதியும் குறிப்பிடப்பட்டன. பட்டியலில் திருப்பூர் இல்லை என்று நிம்மதி அடைய முடியுமா? வேலூரில் இருபது வருடத்துக்கும் மேலாகத் தேடுகிறார்கள், அதனால் கிடைக்கிறது. தேடாத இடத்தில் எண்ணிக்கை குறைவாக இருப்பது நோய் இல்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது.

தேடாததன் விலை என்ன என்பதற்கு உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரே சாட்சி. அங்கே வருடா வருடம் மழைக்காலத்தில் குழந்தைகள் மூளைக்காய்ச்சலால் இறந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்ட பிறகும் சாவு நிற்கவில்லை. சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் உட்பட ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் ஸ்க்ரப் டைபஸ் தொற்றின் தடயம் இருந்தது. எத்தனை வருடம், எத்தனை குழந்தைகள்!

மண்ணரையை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ல்தான் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்த ஊராட்சி அது. ஒரு பக்கம் கம்பெனிகளும் லைன் வீடுகளும், இன்னொரு பக்கம் நொய்யல் கரையும் குளமும் புல் மண்டிய காலி மனைகளும். பாதி ஊர், பாதி காடு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் பலர் அங்கே தங்கியிருக்கிறார்கள். காய்ச்சலைத் தமிழில் விவரிக்கத் தெரியாதவரிடம் எந்த டாக்டர் எத்தனை கேள்வி கேட்டுவிட முடியும்?

இங்கே ஒரு மறுப்பு வரும். காய்ச்சல் என்று வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடாதா, டெங்குவைக் கோட்டை விட்டுவிட மாட்டோமா என்று. நியாயமான கேள்வி. எல்லாருக்கும் கொடுக்கச் சொல்லவில்லை. ஐந்து நாளைத் தாண்டிய, காரணம் தெரியாத காய்ச்சலில் இந்த நோயையும் மனதில் வைக்க வேண்டும் என்பதே கோரிக்கை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், சந்தேகம் வலுவாக இருந்தால் லேப் முடிவுக்காகக் காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்கச் சொல்கிறது. பெரியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின், கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். இன்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்றப்படும் ஊசிகளை விடவா இது பெரிய ஆபத்து?

முற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதும் நடக்காது. கடுமையான ஸ்க்ரப் டைபஸுக்கு இரண்டு மருந்துகளையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது ஒரு மருந்தை விட நல்லது என்று வேலூரின் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையிலான குழு 2023-ல் நிரூபித்தது. பெருமைப்பட வேண்டிய ஆய்வு. ஆனால் அதே ஆய்வில், எந்த மருந்து கொடுத்த பிரிவிலும் ஏறத்தாழ எட்டில் ஒருவர் 28 நாளுக்குள் இறந்துபோனார். பெரிய மருத்துவமனையும் நல்ல மருந்தும் இருந்தும் இந்த நிலை. முதல் வாரத்தில் கொடுக்கும் மாத்திரையின் அருமை இதிலிருந்து தெரியும்.

டாக்டர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு காலைப் பொழுதில் நூறு பேரைப் பார்க்கிறவருக்கு ஒவ்வொருவரின் அக்குளையும் பார்க்க நேரம் கிடையாது. ஆனால் ஒரு நர்ஸுக்குக் கற்றுக் கொடுக்கலாம். பெண் நோயாளிகளைப் பெண் ஊழியரே திரைக்குப் பின்னால் பார்க்கலாம். 2022 முதல் திருப்பூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கீழே உள்ள நகர்ப்புற சுகாதார நிலையங்களிலிருந்து ரத்த மாதிரியை அங்கே அனுப்பி எலிசா சோதனை செய்ய ஒரு வழக்கத்தை உண்டாக்கலாம். கறுத்த பொருக்கின் படத்தைத் தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் விளக்கத்தோடு கம்பெனி அறிவிப்புப் பலகையில் ஒட்ட என்ன செலவாகிவிடும்?

இ.எஸ்.ஐ. திட்டத்தில் 2019 ஜூலை முதல் தொழிலாளி கூலியில் 0.75 சதவீதமும் முதலாளி பங்காக 3.25 சதவீதமும் வசூலிக்கப்படுகிறது. தகுதியுள்ளவருக்கு நோய்க்கால லீவில் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்க வேண்டும். பீஸ் ரேட்டிலும் கான்ட்ராக்டிலும் இருக்கும் பலருக்கு இ.எஸ்.ஐ. எண்ணே இல்லை. காய்ச்சலோடு மெஷினில் உட்கார்கிறவர் அறியாமையால் உட்காரவில்லை, கூலி போய்விடும் என்றுதான் உட்கார்கிறார். இரண்டாம் நாளே ஆஸ்பத்திரிக்குப் போகிற உரிமை கையில் இல்லாதவரிடம் "சீக்கிரம் டாக்டரைப் பாருங்கள்" என்று சொல்வது வெறும் உபதேசம்.

லைம் ஊரில் ஒரு தாய் நோட்டுப் புத்தகத்தோடு விடாமல் கேட்டதால் ஒரு நோய்க்கு அடையாளம் கிடைத்தது. இங்கே அடையாளம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. நோயாளி செய்யக்கூடியது ஒன்றுதான்: ஐந்து நாளாகியும் காய்ச்சல் விடாவிட்டால் வீட்டில் ஒருவரை விட்டு அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, முதுகு எல்லாம் பார்க்கச் சொல்ல வேண்டும். பொருக்கு இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். இல்லாவிட்டாலும் "ஸ்க்ரப் டைபஸா இருக்குமாங்க டாக்டர்?" என்று கேட்க வேண்டும்.