ஓட்டில்லாத மன்றமும் விலைவாசிப் பேச்சும்

தொழிலாளத் தோழர்களே!

தேர்தல் வந்துவிட்டால் லாயாங் லாயாங் கடைத்தெருவில் கொடிகள் முளைக்கும். அபேட்சகர்கள் கூப்பிய கரங்களோடு லயத்து வாசலுக்கு வருவார்கள். "வாழ்க்கைச் செலவைக் குறைப்போம், உரிமையைக் காப்போம்" என்பார்கள். கேட்டுக் கேட்டு நம் காது புளித்துவிட்டது. இம்முறை நாம் கேட்போம்: நம் செலவை ஏற்றவும் இறக்கவும் வல்ல மாவட்ட மன்றத்துக்கு நமக்கு ஏன் ஓட்டு இல்லை?

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாயிற்று. மகிழ்ச்சிதான். ஆனால் பசார் கடை வாடகையையும் அங்காடி லைசென்ஸ் கட்டணத்தையும் விதிப்பது மன்றம். கடைக்காரர் அதைக் கீரையிலும் மீனிலும் ஏற்றுகிறார். கடைசியில் கொடுப்பவர் யார்? பால் வெட்டுபவரும் கிராணியும்தான். வேலை ஓய்ந்து சொந்த வீடு வாங்கினால் மதிப்பீட்டு வரி தேடி வருகிறது. லயத்திலேயே இருந்தாலோ, "தோட்டம் தனியார் நிலம்" என்று குப்பை வண்டி எல்லையிலேயே திரும்பிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி, தலைவரைத் தவிர மன்றத்தில் 8 முதல் 24 உறுப்பினர்கள். அத்தனை பேரையும் மாநில அரசே நியமிக்கிறது. உத்தியோகம், வர்த்தகம் ஆகியவற்றில் சிறந்தவர்களோடு, தம் சமூகத்துக்காகப் பேசத் தகுதியுள்ளவரும் உறுப்பினராகலாமாம். நமக்கும் இடமிருக்கிறதே! அப்படியானால், விடியுமுன் பெரட்டுக்கு நிற்பவரின் பெயர் அந்தப் பட்டியலில் எத்தனை முறை ஏறியது?

முன்பு இப்படி இல்லை. சுதந்திரத்துக்கு முன்னரே, 1951இல் ஜார்ஜ் டவுனிலும் 1952இல் கோலாலம்பூரிலும் நகர மன்றத் தேர்தல்கள் நடந்தன. 1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காட்டி ஊராட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். மோதல் 1966இல் முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணைக் குழு தேர்தலைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அறிக்கை அலமாரிக்குப் போயிற்று. 1976 சட்டம் தேர்தலுக்குச் சமாதி கட்டியது.

"ஊராட்சித் தேர்தல் இனச் சண்டையை மூட்டும், 1969 மே 13ஐ மறந்தீர்களா?" என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். மறக்கவில்லை ஐயா! ஆனால் அதற்கு நான்காண்டுகளுக்கு முன்பே ஊராட்சித் தேர்தலை நிறுத்தியாயிற்றே! நடக்காத தேர்தல் மீதா பழி? நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போட 18 வயதில் பக்குவம் வந்துவிடுகிறதாம். சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் ஆள் தேர்ந்தெடுக்க மட்டும் 60 வயதிலும் வராதாம்! என்னே விந்தை!

பினாங்கு மாநிலம் 2012இல் தனிச் சட்டம் செய்து பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆகவே சாவி நாடாளுமன்றத்தில் இருக்கிறது. அபேட்சகர்களிடம் நாம் கேட்பவை மூன்று:

1. நாடாளுமன்ற அபேட்சகர், ஊராட்சித் தேர்தலை மீட்கும் திருத்தத்துக்கு ஓட்டளிப்பதாக எழுதித் தர வேண்டும்.

2. சட்டமன்ற அபேட்சகர், அதுவரை மன்றத்தில் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு இடம் பெற்றுத் தருவதாக எழுதித் தர வேண்டும்.

3. லயங்கள் மன்றத்தின் சேவைக்குள் வர வேண்டும். பசார் வாடகையையும் கட்டணத்தையும் உயர்த்துமுன் மக்களைக் கூட்டிக் கேட்க வேண்டும்.

தோழர்களே! மாலை மரியாதை செய்யுமுன் இந்தக் காகிதத்தை நீட்டுங்கள். கையெழுத்துப் போடாதவருக்கு நம் ஓட்டும் இல்லை!

ஒற்றுமை ஓங்குக!