நிலக்கரியிலிருந்து திரவ எரிபொருள்: செயற்குழுவின் நிலைப்பாடு

2030-க்குள் 10 கோடி டன் நிலக்கரியை வாயுவாக்குவது ஒன்றிய அரசின் இலக்கு. இதற்கு 8,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்க 2024 ஜனவரியில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியிலிருந்து மெத்தனால் எடுக்கும் திட்டமும் பேசப்படுகிறது. எங்கள் எண்ணூருக்கு இப்படி ஓர் ஆலை வருவதாக எந்த அறிவிப்பும் எங்கள் கைக்கு வரவில்லை. ஆனால் கரி இறங்கும் துறைமுகமும், மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் அருகருகே இருக்கும் இடம் இது. எல்லாம் முடிவான பிறகு நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டங்களின் லட்சணம் உறுப்பினர்களுக்குத் தெரியும். அதனால் இப்போதே பேசுகிறோம்.

கரியை முழுதாக எரிக்காமல், அளவான ஆக்சிஜனும் நீராவியும் செலுத்தி வாயுவாக்கினால், அதிலிருந்து மெத்தனால், டீசல், அம்மோனியா தயாரிக்கலாம். கந்தகத்தை முன்னதாகவே பிரித்துவிடுவதால் அந்த எரிபொருள் வண்டியில் சுத்தமாக எரியும். அதை நாங்கள் மறுக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் செகுண்டாவில் இத்தொழில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. ஒரே இடத்திலிருந்து மிக அதிகமாகக் கரியமில வாயுவை வெளியேற்றும் உலகின் ஆலைகளில் அதுவும் ஒன்று. தண்ணீர்த் தேவையும் ஃபீனால் கலந்த கழிவுநீரும் தனியே ஆராயப்பட வேண்டியவை.

எங்கள் முதல் கேள்வி சாம்பல். இந்திய நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பல்தான். எரித்தாலும் வாயுவாக்கினாலும் அது காணாமல் போகாது. எங்காவது கொட்டியே ஆக வேண்டும். அந்த ‘எங்காவது’ எப்போதும் எங்கள் ஊராகவே இருப்பது எப்படி? அனல்மின் நிலையக் குழாய்கள் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்தது. செப்பாக்கம் கிராமம் இன்றும் சாம்பல் குளத்தின் ஓரத்தில் கிடக்கிறது. எண்ணூர் ஈரநிலத்தைச் சீரமைக்கச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் தீர்ப்பளித்தது. கையால் தடவி இறால் பிடிப்பவர்களிடம் கேளுங்கள், தீர்ப்பு ஆற்றுக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று! ராயபுரத்துக்காரர்கள் கரித்தூசியை எதிர்த்துப் போராடி, 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் கரி இறக்குவதை உயர்நீதிமன்றத்தின் மூலம் நிறுத்தினார்கள். கரி நிற்கவில்லை, எண்ணூருக்கு வந்தது. 2023 டிசம்பரில் முதலில் எண்ணெய்க் கசிவு வந்தது, மாதம் முடிவதற்குள் அம்மோனியாக் கசிவு வந்தது. இதற்கு மேலும் தாங்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

இத்தொழில்நுட்பத்தை அடியோடு எதிர்க்க வேண்டும் என்ற கருத்தும், ஒப்பந்தத் தொழிலாளர்களின் வேலைவாய்ப்பைக் கருத வேண்டும் என்ற கருத்தும் செயற்குழுக் கூட்டத்தில் எழுந்தன. இரண்டையும் பரிசீலித்து, இப்போதைக்குச் செயற்குழு எடுத்துள்ள நிலைப்பாடு:

1. கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்த சாம்பல் அகற்றப்படும் வரை, இப்பகுதியில் கரியை மூலப்பொருளாகக் கொண்ட எந்தப் புதிய ஆலையும் கூடாது.

2. எந்தத் திட்டமானாலும் ஏற்கெனவே உள்ள ஆலைகளின் மாசையும் சேர்த்துக் கணக்கிட்டு, அறிக்கையைத் தமிழில் முழுமையாக வெளியிட வேண்டும்.

3. சாம்பலையும் கழிவுநீரையும் எங்கே, யார் பொறுப்பில் வைப்பது என்பது அனுமதிக்கு முன்பே எழுத்தில் வர வேண்டும்.

4. உள்ளூர் வேலைவாய்ப்பு குறித்துத் தொழிற்சங்கங்களுடன் பேசத் தயாராக உள்ளோம்.

மீனவக் கிராம நிர்வாகங்களும் குடியிருப்போர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் இந்நிலைப்பாட்டைத் தங்கள் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாக நிறைவேற்றி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.