சீனா சொன்னது, அமெரிக்கா நம்பவில்லை!

1950-ம் ஆண்டு அக்டோபர் மாதம். கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. வட கொரியப் படையைத் துரத்திக்கொண்டு அமெரிக்கப் படை 38-வது ரேகையை நெருங்கியது. அதுதான் இரு கொரியாவையும் பிரித்த எல்லை.

3-ந் தேதி, நள்ளிரவு கடந்த நேரம். பீக்கிங் நகரில் (இன்றைய பெய்ஜிங்) இந்தியத் தூதர் பணிக்கரை, சீனப் பிரதமர் சூ-என்-லாய் அவசரமாக அழைத்தார். அமெரிக்கப் படை ரேகையைத் தாண்டினால் சீனா சும்மா இராது என்று சொன்னார்.

செய்தி வாஷிங்டனுக்குப் போயிற்று. அங்கே அதை வெறும் மிரட்டல் என்று எண்ணினார்கள். பணிக்கர் சீனாவுக்கு வேண்டியவர் என்ற சந்தேகம் வேறு! குரைக்கிற நாய் கடிக்காது என்று இருந்துவிட்டார்கள். சில நாளில் அமெரிக்கப் படை ரேகையைத் தாண்டியது.

படை வந்தது

அக்டோபர் 19-ந் தேதி சீனப் படை யாலு நதியைக் கடந்தது. சில நாள் தாக்கிவிட்டு மலைகளில் மறைந்தது. தளபதி மக்ஆர்தர் அப்போதும் நிற்கவில்லை. கிறிஸ்துமசுக்குள் வீடு திரும்பலாம் என்று சிப்பாய்கள் நம்பியிருந்தனர். நவம்பர் 25-ந் தேதி சீனப் படை திரண்டு பாய்ந்தது. போர் 1953 ஜூலை வரை நீண்டது.

ஏன் வந்தது?

ரஷ்யா ஏவியது, சீனா வந்தது என்று அமெரிக்காவில் பலர் பேசினார்கள். அது சரிதானா என்று ஆராய்ந்தவர் ஆலன் வைட்டிங் என்ற அமெரிக்க அறிஞர். சீனப் பத்திரிகைகளையும் வானொலிப் பேச்சுக்களையும் நாள்வாரியாக அடுக்கிப் படித்தார். 1960-ல் அவர் எழுதிய நூல் வெளிவந்தது. தன் எல்லை ஓரம் பகைவர் படை வந்து நிற்குமே என்ற அச்சமே சீனாவை இழுத்தது. முன்கூட்டியே எச்சரிக்கவும் செய்தது என்று அதில் காட்டினார்.

பிறகு அமெரிக்க வெளிநாட்டு இலாகாவில் பணி செய்தார், பேராசிரியராகவும் இருந்தார். 1962-ல் இந்திய எல்லையில் நடந்த போரையும் இதே முறையில் ஆராய்ந்து, 1975-ல் இன்னொரு நூல் வெளியிட்டார். அங்கும் எச்சரிக்கை படிப்படியாக ஏறியது என்பது அவர் கருத்து. அதை ஏற்காதவர்களும் உண்டு.

பின்னாளில் சீனாவின் பழைய தஸ்தாவேஜுகள் வெளியாயின. கொரியாவில் இறங்கும் எண்ணம் மா-சே-துங்குக்கு, வைட்டிங் கருதியதற்கு முன்பே இருந்தது என்று அவற்றால் தெரிந்தது. ஆனாலும் அவர் காட்டிய வழி நிலைத்தது. 2018-ல் அவர் காலமானார்.

எதிரி சொல்வதெல்லாம் உண்மையாகிவிடாது. ஆனால் அதைப் பொறுமையாகப் படித்துப் பார்க்க ஆள் வேண்டும். படிக்காமல் ஒதுக்கினால், அதற்கு விலை கொடுப்பவர்கள் போர்முனையில் நிற்கும் பிள்ளைகளே!