யாருக்குப் பாதுகாப்பு?

சொலமன் தீவுகளுக்கும் சீனாவுக்கும் இடையே 2022 ஏப்ரலில் கைச்சாத்தான பாதுகாப்பு உடன்படிக்கை பற்றி முற்போக்காளர் சிலர் ஒரு வாதத்தை விடாது கூறி வருகின்றனர். மேலை வல்லரசுகளின் பிடியிலிருந்து சிறு நாடொன்று விடுபட ஆசிய நாடொன்று கைகொடுத்தது. இதனைக் குறைகூறுவோர் ஏகாதிபத்தியத்திற்குத் துணைபோகின்றனர் என்பதே அவ்வாதம். இதனை நாம் ஏற்பதற்கில்லை.

இவ்வுடன்படிக்கையைக் கண்டு அவுஸ்திரேலியாவும் அமெரிக்காவும் எழுப்பிய கூக்குரலில் நமக்குப் பங்கில்லை. 2003 முதல் 2017 வரை அவுஸ்திரேலியா தலைமையிலான தலையீட்டுப் பணி அத்தீவுகளில் நிலைகொண்டிருந்தது. 2021 செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவும் பிரித்தானியாவும் அமெரிக்காவும் ‘ஓக்கஸ்’ கூட்டினை அறிவித்தன. அதனைத் தாம் செய்தி வாயிலாகவே அறிய நேர்ந்ததென அன்றைய பிரதமர் மனாசே சொகவாரே பின்னர் நாடாளுமன்றத்தில் முறையிட்டார். அம்முறையீடு நியாயமானதே.

ஆனால் அதே பிரதமரின் நாட்டு மக்கள் சீன உடன்படிக்கையை எவ்வாறு அறிந்தனர்? 2022 மார்ச்சில் கசிந்த வரைவொன்றின் வாயிலாகவே அறிந்தனர். சமூக ஒழுங்கைப் பேணச் சீனப் பொலிசாரையும் இராணுவத்தினரையும் சொலமன் அரசு அழைக்கலாம்; சீனக் கப்பல்கள் அங்கு வந்து வேண்டுவன நிரப்பிக்கொள்ளலாம்; சீன ஆட்களையும் பெருந்திட்டங்களையும் காக்கச் சீனப் படை பயன்படலாம்; மறுதரப்பின் எழுத்துமூல இசைவின்றி எதனையும் மூன்றாமவருக்கு வெளியிடலாகாது. இவை அவ்வரைவிற் கண்டவை. கைச்சாத்தான மூலத்தை அரசு வெளியிடவில்லை. மக்களுக்காகச் செய்த உடன்படிக்கையை மக்களிடமிருந்தே மறைப்பானேன்?

2021 நவம்பரில் தலைநகர் ஹொனியாராவில் கலகம் மூண்டது. சீனர் கடைத்தெரு எரிந்தது. மூவரின் உடல்கள் சாம்பலிடையே கிடந்தன. கடைக்காரரைத் தாக்கியதை நாம் நியாயப்படுத்தோம். ஆயினும் அக்கலகத்தின் வேர்கள் வேலையின்மையிலும், ஊழலிலும், மலைற்றா மாகாணத்தின் நெடுநாட் புறக்கணிப்பிலும், காடுகளை மொட்டையடிக்கும் அந்நியக் கம்பனிகளின் கொள்ளையிலும் ஆழப் பதிந்தவை. வெட்டப்படும் மரங்களிற் பெரும்பகுதி சென்றது சீனாவுக்கே.

இந்நோய்க்கு வந்த மருந்து யாது? 2022 நவம்பர் தொடக்கத்தில் அவுஸ்திரேலியா 60 துப்பாக்கிகளையும் 13 வாகனங்களையும் சொலமன் பொலிசுக்கு வழங்கியது. அடுத்த சில நாட்களிற் சீனா 2 நீர்ப்பீரங்கி வண்டிகளையும் 30 மோட்டார் சைக்கிள்களையும் வேறு 20 வாகனங்களையும் வழங்கியது. ஒன்றையொன்று பகைக்கும் இரு வல்லரசுகளும் ஒரே கையைத்தான் வலுப்படுத்தின. நீர்ப்பீரங்கி எந்த அந்நியப் படையெடுப்பைத் தடுக்கும்? தெருவில் இறங்கும் குடிமக்களை நோக்கித் திரும்புவதற்கே அது செய்யப்பட்டது.

1955இற் பாண்டுங் நகரிற் கூடிய 29 ஆசிய ஆபிரிக்க நாடுகள், வல்லரசுகளின் தனிநலனுக்கு உதவும் கூட்டுப் பாதுகாப்பு ஏற்பாடுகளைத் தவிர்த்தல் வேண்டுமென இசைந்தன. அவற்றுட் சீனாவும் ஒன்று. நமது இலங்கையும் ஒன்று. அந்நெறி வாஷிங்டனுக்கு ஒன்றாகவும் பீக்கிங்குக்கு வேறொன்றாகவும் இருத்தல் கூடுமோ?

சிறு நாடுகளுக்கு மறுக்கும் வலிமை இல்லையென்பதும் பொய். 2022 மே மாதத்திற் பத்துப் பசுபிக் நாடுகளை ஒருங்கே பிணைக்கும் உடன்படிக்கையைச் சீனா முன்வைத்தபோது அவை ஒருமித்து இசையவில்லை, அது நிறைவேறவுமில்லை.

எனவே நம் கோரிக்கை எளியது. பாதுகாப்பு உடன்படிக்கை எதுவாயினும், எந்த வல்லரசோடு செய்யப்படினும், அதன் ஒவ்வொரு சொல்லும் மக்கள் முன் வைக்கப்படல் வேண்டும். நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்படல் வேண்டும். உள்நாட்டு மக்கள்மீது அந்நியப் படையை ஏவும் விதி எதுவும் அதில் இருத்தலாகாது. எஜமானரை மாற்றிக்கொள்வது விடுதலை ஆகாது. இதனை உரத்துக் கூற அஞ்சுவோர் தம்மை இடதுசாரிகள் என அழைத்துக்கொள்ளும் உரிமையை இழக்கின்றனர்.