சுவர் வேண்டாம், நொச்சி போதும்



வெள்ளம் அரித்த ஆற்றுக்கரைகளுக்கு கான்கிரீட் சுவரே தீர்வு என்ற தங்கள் கட்டுரையை ஏற்க முடியவில்லை. ஜவ்வாது மலையிலிருந்து அமிர்தி காட்டின் வழியாக வரும் எங்கள் நாகநதி பெரும்பாலும் வெறும் மணல்தான். மலையில் கனமழை பெய்தால் ஒரே இரவில் கரையைத் தின்றுவிடும். என் நிலத்தை ஒட்டிக் கட்டிய சுவர், அடிமண் கரைந்து சாய்ந்தது. நொச்சியும் வெட்டிவேரும் அடர்ந்திருந்த பக்கத்துக் கரை அப்படியே நின்றது. காட்டுக்குள் சுவர் எழுப்பினால் மான்கள் தண்ணீருக்கு எப்படி இறங்கும்?

அமிர்தி காட்டில் அருவிக்குப் போகும் நடைபாதையிலும் குறுக்கே கல் பதித்து, மழைநீரை ஓரமாக வடியவிட்டாலே பாதி அரிப்பு குறையும். நாகநதியில் நீர்செறிவுக் கிணறுகள் அமைத்த நூறு நாள் வேலைத் திட்டப் பெண்களிடம் இப்பணியை ஆடி மாதமே, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக ஒப்படைக்கலாம்.

ஒரு வாசகர், கண்ணமங்கலம்