கடலில் தொலைந்த நகை கிடைச்சா யாருக்குச் சொந்தம்? மெட்டல் டிடெக்டர் வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது

திருச்செந்தூர் கடலில் நீராடிவிட்டுக் கரையேறும்போதுதான் பலருக்கும் தெரியவரும், கழுத்தில் கிடந்த செயினைக் காணோம் என்று. அலை இழுத்ததா, கொக்கி விட்டதா, எந்த இடத்தில் விழுந்தது, எதுவும் தெரியாது. அப்படிக் கலங்கி நிற்பவர்களுக்காக மணலில் இறங்குவது அங்கே சிப்பி அரித்து எடுக்கும் தொழிலாளர்கள்தான். தேடி எடுத்த நகையை உரியவரிடமே அவர்கள் ஒப்படைத்த செய்திகள் அவ்வப்போது வருவதைப் பார்த்திருப்பீர்கள்.

இன்னொரு பக்கம், வெளிநாட்டு யூடியூப் வீடியோக்களைப் பார்த்துவிட்டு "நாமும் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கி ஆத்துல, கடல்ல இறங்கினா என்ன?" என்று யோசிப்பவர்களும் இருக்கிறார்கள். கிடைச்சது நமக்குத்தானே என்ற நினைப்புதான் இதில் முதல். அந்த நினைப்பு சட்டத்தின் முன் நிற்காது.

எடுப்பது குற்றமில்லை, அமுக்குவது குற்றம்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-வது பிரிவு, பிறர் பொருளை நேர்மையின்றித் தனதாக்கிக் கொள்வதைப் பற்றிப் பேசுகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 403-வது பிரிவு. தண்டனை குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 2 ஆண்டு சிறை, கூடவே அபராதம். குறைந்தபட்சம் 6 மாதம் என்பது பழைய சட்டத்தில் இல்லாதது.

யாருடைய கையிலும் இல்லாமல் கிடக்கும் பொருளை, பத்திரப்படுத்தவோ உரியவரிடம் கொடுக்கவோ எடுத்தால் அது குற்றமே இல்லை. ஆனால் உரியவர் யார் என்று தெரிந்தும், அல்லது தெரிந்துகொள்ள வழி இருந்தும் வைத்துக்கொண்டால் குற்றம். உரியவரைக் கண்டுபிடிக்க நியாயமான முயற்சி எடுக்காமல், அவர் வந்து கேட்க அவகாசமும் தராமல் சொந்தமாக்கிக்கொண்டாலும் குற்றம்தான்.

சட்டமே இதற்கு உதாரணங்கள் தருகிறது. தெருவில் கிடந்த ஒரு ரூபாயை, யாருடையது என்று தெரியாமல் எடுத்தவர் குற்றவாளி இல்லை. விலையுயர்ந்த மோதிரத்தைக் கண்டெடுத்து, யாரிடமும் விசாரிக்காமல் உடனே விற்றவர் குற்றவாளி. 1860-லேயே எழுதப்பட்ட உதாரணங்கள் இவை. படித்துறையில் காசு பொறுக்குகிறவருக்கும், நகையோடு நேராக அடகுக் கடைக்குப் போகிறவருக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

"உரியவரை எங்கே போய்த் தேடுறது?" என்று கேட்கலாம். முன்பு அது ஓரளவு நியாயமான கேள்வி. 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் கட்டாயமாக உள்ள இடங்களில் 6 இலக்க 'எச்.யு.ஐ.டி' எண் இல்லாத தங்க நகையை விற்கக் கூடாது. எழுத்தும் எண்ணும் கலந்த அந்தக் குறியீடு ஒவ்வொரு நகைக்கும் தனி. அரசின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அதைப் போட்டால், அதற்கு ஹால்மார்க் வாங்கிய நகைக்கடை எது என்று தெரிந்துவிடும். அதன்பிறகு "வழியே இல்லை" என்ற வாதம் காவல் நிலையத்தில் எவ்வளவு தூரம் எடுபடும் என்பது சந்தேகம்தான். பழைய நகைகளில் இந்த எண் இருக்காது. அப்படிப்பட்ட பொருள் கிடைத்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து எழுத்துப்பூர்வமாக ஒப்புகை வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு.

மெஷின் ஏன் தங்கத்தை 'மிஸ்' பண்ணுது?

வீடியோவில் காட்டுவதுபோல நடந்தால் எல்லோரும் பணக்காரர் ஆகியிருப்பார்கள். மெட்டல் டிடெக்டரின் வட்டத் தலைக்குள் இருக்கும் கம்பிச்சுருள், மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. கீழே உலோகம் இருந்தால் அதற்குள் சின்னதாக மின்னோட்டம் சுழலும். அந்தச் சுழற்சி உண்டாக்கும் காந்தப்புலத்தைத்தான் மெஷின் 'பீப்' என்று சொல்கிறது.

கடலில் சிக்கல் என்னவென்றால், உப்புத் தண்ணீரே மின்சாரம் கடத்தும். சாதாரண மெஷின் ஈர மணலில் வைத்ததுமே கத்த ஆரம்பிக்கும். அதோடு திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கரையோர மணலில் இல்மனைட், கார்னெட் போன்ற தாதுக்கள் கலந்திருக்கின்றன. தாது மணல் விவகாரம் என்று செய்திகளில் வருமே, அதே மணல்தான். இரும்புச் சத்துள்ள இந்தக் கருமணலும் மெஷினைக் குழப்பும். இதைச் சமாளிக்கும் 'பல்ஸ் இண்டக்‌ஷன்' வகை மெஷின்கள் உண்டு. ஆனால் அவை இரும்பு ஆணியையும் தங்கத்தையும் பிரித்துச் சொல்வதில் கெட்டிக்காரர்கள் அல்ல. குற்றாலம் மாதிரி இடத்தில் பாறை இடுக்கும், சுற்றிலும் இரும்புக் கைப்பிடிக் கம்பிகளும் இருக்கையில் மெஷினுக்கு வேலையே இல்லை.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. மோதிரத்தைக் கண்டுபிடிப்பது சுலபம், மெல்லிய செயினைக் கண்டுபிடிப்பது கஷ்டம். மோதிரம் ஒரு முழு வளையம் என்பதால் மின்னோட்டம் நன்றாகச் சுழலும். செயினில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிக் குட்டி வளையம். 2 சவரன் செயின் என்றாலும் மெஷினுக்கு அது நூறு துணுக்குகள். போதாக்குறைக்கு அலுமினியத் தாளும் சின்னத் தங்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிக்னல் தரும். குப்பை வேண்டாம் என்று மாத்திரை அட்டையை ஒதுக்கும்படி மெஷினை அமைத்தால், கம்மலும் சேர்ந்தே ஒதுங்கிவிடும்.

கயிற்றில் காந்தம் கட்டி ஆற்றில் வீசிக் காசு எடுப்பவர்களின் கணக்கு வேறு. இப்போதைய 1 ரூபாய், 2 ரூபாய் காசுகள் காந்தத்தில் ஒட்டும் வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 10 ரூபாய்க் காசு ஒட்டாது. தங்கம் எந்தக் காலத்திலும் ஒட்டாது.

ஆக, சல்லடையும் அனுபவமுமே இன்னும் முன்னால் நிற்கின்றன. தங்கம் மணலைவிட ஆறேழு மடங்கு அடர்த்தியானது. அலை மணலைக் கிளறக் கிளற, அது கீழே இறங்கிக் கெட்டியான அடுக்கில் போய்த் தங்கும். எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் மணல் அரிக்கும் என்று தினமும் பார்ப்பவருக்கு, அந்த அடுக்கு எப்போது வெளியே தெரியும் என்பதும் தெரியும்.

பழைய காசு கிடைச்சா கதையே வேற

மண்ணுக்குள் மறைந்து கிடந்த, உரியவர் தெரியாத மதிப்புள்ள பொருள் என்றால் 1878-ம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் வருகிறது. மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், எங்கே, எந்தத் தேதியில் கிடைத்தது என்று. ஆமாம், 10 ரூபாய்தான். 1878-ல் அது பெரிய தொகை. இன்றைக்கு ஒரு டீக்குப் போதாது. தெரிவிக்காவிட்டால் ஓராண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். கண்டெடுத்தவருக்கு வரவேண்டிய பங்கும் போய்விடும்.

பங்கு உண்டா? உண்டு. உரிமை கோரி யாரும் வராவிட்டால், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு மீதி என்பது சட்டத்தின் பொதுவான கணக்கு. அரசே பொருளை எடுத்துக்கொள்ள நினைத்தால், அதன் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். நாணயச் சந்தை தரும் விலையோடு ஒப்பிட்டால் இது சொற்பம். அரிய காசுகள் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகாமல் வியாபாரிகளிடம் போவதற்கு இதுவும் ஒரு காரணமாகவே தெரிகிறது.

அதனால் நஷ்டம் யாருக்கு? கரூர் அமராவதி ஆற்றுப் படுகையைப் பாருங்கள். மாக்கோதை, கொல்லிப்பொறை போன்ற பெயர்கள் பொறித்த சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் அங்கே மணலில் கிடைத்தன. அவற்றில் பல, ஆற்றில் அரித்தவர்களிடமிருந்து வியாபாரி கைக்கும், பிறகு சேகரிப்பாளர் கைக்கும் போனவை. நாணயவியல் அறிஞர் இரா.கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் படித்து வெளியிட்டதால்தான் சேரர் வரலாற்றுக்கு அவை சான்றாயின. ஆனால் எந்தக் காசு எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்ற தகவல் திரும்ப வராது. யார் கண்ணிலும் படாமல் உருக்கப்பட்டவை எத்தனையோ.

தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியில்லாமல் தோண்டுவது தனிக் குற்றம். கோயில் குளத்துக்கும் கோயில் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

தொலைத்தவர் உடனே என்ன செய்யணும்?

முதலில், அசையாமல் நின்று அந்த இடத்தை இரண்டு அடையாளங்களை வைத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கோபுரம் நேராக, விளக்குக் கம்பம் இடப்பக்கம் என்கிற மாதிரி. பத்துப் பேர் இறங்கித் தேடினால் மிதிபட்டு இன்னும் ஆழத்துக்குத்தான் போகும். கடலில் இருக்கும் பாதுகாப்புப் பணியாளரிடமும் அரிப்புத் தொழிலாளர்களிடமும் அப்போதே சொல்லிவிட்டு, புறக்காவல் நிலையத்தில் புகாரைப் பதிவு செய்வது முக்கியம். பில், எச்.யு.ஐ.டி எண், நகை அணிந்த போட்டோ ஆகியவை நகை கிடைத்த பிறகு "இது என்னோடது" என்று நிரூபிக்க உதவும்.

தேடித் தருபவருக்கும் உரிமை இருக்கிறது. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 168-வது பிரிவின்படி, பொருளைப் பாதுகாக்கவும் உரியவரைத் தேடவும் ஆன செலவு, சிரமத்துக்கான ஈடு கிடைக்கும்வரை அவர் அதைக் கையில் வைத்திருக்கலாம். "கண்டுபிடிச்சுத் தந்தா 5,000 ரூபாய் தர்றேன்" என்று கடற்கரையில் அறிவித்துவிட்டு, செயின் கைக்கு வந்ததும் 500 ரூபாயை நீட்டினால், மீதித் தொகைக்காக அந்தத் தொழிலாளி வழக்குப் போடவும் அதே பிரிவில் இடமிருக்கிறது.