வங்கியை அளக்கும் கோல் எது?

வங்கிகளின் திறமையைத் தரவுப் பகுப்பாய்வினால் அளந்து, நாளைய நிலையை இன்றே கணித்துக் கூறும் முறை உலகெங்கும் பரவி வருகின்றது. 1978ஆம் ஆண்டு சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் என்னும் மூவர் வகுத்த கணித முறையை 1985இல் ஷெர்மன், கோல்ட் என்போர் வங்கிக் கிளைகளுக்குப் பொருத்திக் காட்டினர். ஒரு கிளை செலவிட்ட ஆளும் பணமும் எவ்வளவு, விளைந்த பயன் எவ்வளவு என்று நோக்கி, சிறந்த கிளைகளோடு ஏனையவற்றை ஒப்பிடும் முறை அது. அறிவுக்குப் பொருந்தியதே, நாம் வரவேற்கின்றோம்.

ஆனால், பயன் என்று எதை எண்ணுவது? மக்கள் இட்ட வைப்புப் பணத்தைச் செலவுப் பக்கத்தில் எழுதுவதா, பயன் பக்கத்தில் எழுதுவதா என்பதிலேயே பொருளியலார் இருகூறாக நிற்கின்றனர். கல்முனையில் இருந்து பார்த்தால் இதன் பொருள் விளங்கும். வைப்பையே பயனெனக் கொண்டால், நம் கரையில் பணம் திரட்டிக் கொழும்பில் கடன் கொடுக்க உதவும் கிளை திறமை மிக்கதாகிவிடும். நிந்தவூரிலும் சம்மாந்துறையிலும் இரண்டு ஏக்கர் விதைப்பவனுக்குச் சிறு கடன் வழங்கும் கிளையோ, ஒவ்வொரு கடனுக்கும் ஓர் எழுதுவினைஞரின் நேரம் செலவாவதால், பின்தங்கியதாகத் தோன்றும். வட்டியை மார்க்கம் விலக்கியமையால் கடனே கேளாதோரும் இங்கு உளர். அதையும் கிளையின் சோம்பல் என்று கணினி எழுதினால் திருத்துவார் யார்?

எதிர்வுகூறல் இதனினும் கவலைக்குரியது. கணினி பழைய கணக்கிலிருந்தே பாடம் கற்கின்றது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அக்காலத்தில் தவணை தவறிய உழவனின் குறையைக் கொடுகடன் தகவல் பணியகம் பதியும். தவறச் செய்த அரசாணையைப் பதியாது. எந்த வட்டையில் ஏன் விளைச்சல் போயிற்று என்பதை வட்டவிதானை அறிவார். அவரை எந்தக் கணினியும் கேட்பதில்லை.

கிராமங்களுக்கும் கடன் செல்ல வேண்டுமென்றே 1961இல் மக்கள் வங்கி நிறுவப்பட்டது. அதுவும் இலங்கை வங்கியும் அரசின் உடைமைகள். பிரதேச செயலகப் பிரிவுதோறும் திரட்டிய வைப்பு எவ்வளவு, அங்கேயே வழங்கிய கடன் எவ்வளவு, விண்ணப்பித்த நாளுக்கும் பணம் கைக்கு வந்த நாளுக்கும் இடைவெளி எவ்வளவு என்பவற்றை இவை ஆண்டுதோறும் தமிழில் வெளியிட வேண்டும். விதைப்பு முடிந்தபின் வரும் கடன் வயலுக்குச் செல்வதில்லை; விதைநெல்லுக்காக அடகு வைத்த நகையை மீட்கவே செல்கின்றது. கணிப்பின் பேரில் கடன் மறுக்கப்படுபவனுக்கு அதன் காரணத்தை அவன் மொழியில் எழுத்திலே தரவேண்டும். அம்பாறை மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்தில் இதைக் கேட்பார்களா?